ரோஸ் நிறம் போகும் வரை

அவருக்கு ஆஸ்பத்திரியில் பினாயில் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவர் இந்நேரம் ஓய்வு பெற்றிருக்கலாம். பெயர் ஓய்வு பெறவில்லை. அடித்தளத்து போன் அடித்தால் அவரே எடுப்பார்.

"ஆவி ரூமா? பினாயில் இருக்காரா?"

"இருக்கேன், சொல்லுங்க."

ஆவி ரூம் என்பது அறுவைக் கருவிகளைக் கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டி வரும். மூட்டையின் மேல் ஓர் ஒட்டு நாடா. நாடாவில் வெளிறிய கோடுகள். இயந்திரத்துக்குள் சூடும் அழுத்தமும் போதுமான நேரம் நின்றால் கோடுகள் கறுக்கும். கறுத்தால் மூட்டை மேலே போகும். கறுக்காவிட்டால் போகாது. இருபத்தாறு வருடமாக அவருக்கு இதுதான் வேலை, கறுத்ததா என்று பார்ப்பது.

ஒருமுறை ஒரு மூட்டையில் கோடுகள் சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டன. மேலே நோயாளி மேஜையில் படுத்தாகிவிட்டது. பெரிய டாக்டரே இறங்கி வந்தார்.

"கறுப்புதானேய்யா இது?"

"சாம்பல் சார்."

"உங்க கண்ணுக்கு."

"என் கண்ணைத்தானே சார் இங்க உக்கார வச்சிருக்கீங்க. இன்னொரு தடவை போடணும். நாப்பது நிமிஷம்."

பெரிய டாக்டர் நாற்பது நிமிடமும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடத்தில் கோபம் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் இருவரும் பல்வலியைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். காய்கறிக்கு மூன்று குளியல். கதவுக் கைப்பிடிக்குத் தனித் துணி. "சோப்பையே சோப்பு போட்டுக் கழுவி வைக்கிற மனுஷன்" என்று அவர் மனைவி சொல்வார். மிகை இல்லை. சோப்பின் மேல் நுரை காய்ந்து கிடந்தால் அவரால் அதைத் தொட முடியாது.

அவருக்கு ஓர் அக்கா. ஏழு வயது மூத்தவர். அச்சகத்தில் பிழை திருத்திக் கண்ணாடியின் பருமனை வருடாவருடம் கூட்டிக்கொண்டவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அத்தான் உயிரோடு இருந்தபோது, வாடகை வீடானாலும் வீட்டுக்காரரைக் கேட்டு, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவரை இடித்து, அந்த இடத்தில் ஒரு மீன் தொட்டியைக் கட்டினார். சமைத்துக்கொண்டே மீன் பார்க்கலாம், பேப்பர் படித்துக்கொண்டே மீன் பார்க்கலாம். கணவனும் மனைவியும் மீன்களின் ஊடாக ஒருவரையொருவர் பார்த்துத் திட்டிக்கொள்ளவும் செய்தார்கள்.

பதினைந்து வருடம் முன்பு அவர்கள் இருவரும் பன்னிரண்டு நாள் வெளியூர் போனார்கள். தம்பியிடம் சாவியைக் கொடுத்து, தினம் ஒரு சிட்டிகை தீவனம் போடச் சொன்னார்கள். தம்பி நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் தொட்டியின் மூலையில் இருந்த பில்டர் பஞ்சைப் பார்த்தார். பழுப்பாக, வழவழவென்று, சாக்கடை வாடையோடு இருந்தது. பஞ்சை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார். கூழாங்கற்களைத் தேய்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். புதுத் தண்ணீர் நிரப்பினார். அவர்கள் திரும்பி வந்தபோது தொட்டி பளபளவென்று இருந்தது. ஏழு மீனும் மேலே மிதந்தன.

அக்கா கத்தவில்லை. "கொல்லணும்னே செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க முடியாதுடா" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனால் அவர் தொட்டிக்கு முதுகைக் காட்டியே உட்காருவார்.

இப்போது வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சுவரில் கட்டிய தொட்டியைப் பெயர்க்க முடியாது. அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள் இருந்தன. அத்தான் போவதற்கு முந்தைய வருடம் சட்டைப் பொத்தான் அளவில் வாங்கி விட்டவை. இன்று உள்ளங்கையை மறைக்கும்.

"எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றார் தம்பி.

"முதியோர் இல்லத்துல ஒரு அறை பாத்து வச்சிருக்கேன். ஜன்னல் இருக்கு. மீனை மட்டும் விடமாட்டாங்களாம். கடைக்காரன் எடுத்துக்கறேன்னு சொல்றான்."

"எங்க வீட்ல மீனுக்கும் இடம் இருக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

"உன் வீட்டுக்கு வரேன். ஆனா மீனும் வரணும். தொட்டி வாங்கி வச்சா மட்டும் போதாது, தண்ணி தயாராகணும். செடி வேர் பிடிக்கணும். ஒரு மாசம் ஆகும். தயாராச்சுன்னா சொல்லு, நான் வந்து பாக்கறேன். இல்லன்னா இருபத்தெட்டாம் தேதி இல்லத்துக்குப் பதில் சொல்லியாகணும்."

அம்மா அப்பா போன பிறகு அவரை 'டா' போட்டுக் கூப்பிட மிச்சமிருந்தவர் அக்கா ஒருவர்தான். இல்லம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. பார்க்கலாம், நான்கு மணி முதல் ஆறு மணி வரை.

மனைவியிடம் சொன்னார். மனைவி உடனே சம்மதித்தார். "அண்ணி வரட்டும். இந்த வீட்ல நான் படறதுக்கு ஒரு சாட்சி வேணும்."

இரண்டாம் தேதி மூன்றடி நீளத் தொட்டி வந்தது. ஆற்று மணல், ஒரு முறுக்கு மரக்கட்டை, பன்னிரண்டு கொத்துச் செடிகள் எல்லாம் வாங்கினார். மற்றவர்கள் அன்று மாலையே கொட்டி, நட்டு, தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அவருக்கு நான்கு நாள் ஆனது.

மணலை ஐந்து மூட்டையாகப் பச்சைத் துணியில் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சும்மா நின்ற பழைய இயந்திரத்தில் வைத்தார். நாடா கறுத்தது. மரக்கட்டையும் அதே வழியில் போய் வந்தது. செடிகளை அப்படிச் செய்ய முடியாது என்பதால் ஒவ்வொரு கொத்தையும் பெர்மாங்கனேட் தண்ணீரில் இருபது நிமிடம் முக்கி, இலை இலையாக அலசினார். கடைசியில் தண்ணீர். நூற்றைம்பது லிட்டர் தண்ணீரைப் பானை பானையாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவைத்து ஊற்றினார். இரண்டாம் நாள் மாலை அடுப்பு அணைந்தது.

"சிலிண்டர் தீந்துடுச்சு" என்றார் மனைவி. "இன்னும் ஒரு மீன்கூட வரல. அதுக்குள்ள நம்மளப் பட்டினி போட்டாச்சு."

கடையில் ஒரு சோதனைப் பெட்டி கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒன்று அமோனியாவுக்கு. மஞ்சள் என்றால் இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. இன்னொன்று நைட்ரைட்டுக்கு. நிறம் வராவிட்டால் இல்லை, ரோஸ் வந்தால் இருக்கிறது. இரண்டும் மீனுக்கு விஷம். இது அவருக்குப் பிடித்திருந்தது. நிறம் பார்ப்பது கைவந்த வேலை. ஒரு நோட்டுப் போட்டார். தேதி, மணி, அமோனியா, நைட்ரைட்.

பூஜ்யம், பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம், பூஜ்யம். பன்னிரண்டாம் தேதி வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. அக்காவுக்குப் போன் செய்தார்.

"தயாராயிடுச்சுக்கா. ஒரு மாசம்னு சொன்னே. பத்தே நாள்."

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். முழங்கால் வலியால் வாசற்படியைப் பக்கவாட்டில் ஏறினார். தொட்டி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. மணல் சர்க்கரை மாதிரி. செடிகள் வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை நேரம் போல நின்றன. அக்கா விரலை நனைத்து முகர்ந்தார்.

"என்னடா, ஒரு வாடையும் இல்ல?"

"எப்படி இருக்கும்?" அவர் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னார். மூட்டை, நாடா, பெர்மாங்கனேட், பானை. அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். பானை வந்ததும் அக்காவின் தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"அண்ணி, தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றார் மனைவி.

"இந்தத் தொட்டித் தண்ணியே குடும்மா. உலகத்துலயே சுத்தமான தண்ணி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டேய், இதுல ஆபரேஷன் பண்ணலாம்டா. மீன் விட முடியாது."

"ஏன்? பூஜ்யம்தானே? பூஜ்யம்னா பாஸ்."

"உங்க ஆஸ்பத்திரில பாஸ். இங்க முதல்ல பெயிலாகணும். நாறணும், கலர் வரணும். வந்த கலர் தானாப் போகணும். அப்பதான் பாஸ். இதுல ஒண்ணும் ஆரம்பிக்கவே இல்லையே."

பிறகு பொறுமையாகச் சொன்னார். மீன் கழிக்கும். தின்னாத தீவனம் அழுகும். அதிலிருந்து அமோனியா. அதைத் தின்னவென்று ஒரு கிருமி வளர வேண்டும். அது அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும். அதைத் தின்ன இன்னொரு கிருமி வர வேண்டும். அது முடித்துக் கொடுத்தால் செடிக்கு உரம். இந்த இரண்டு கிருமியும் குடியேறிய பிறகுதான் மீன் குடியேறலாம். இரண்டாவது கிருமி சோம்பேறி, கடைசியில்தான் வரும்.

அவர் தொட்டியைப் பார்த்தார். "அந்தக் கிருமி எங்க கிடைக்கும்?"

"எங்கயும் இருக்கும். தானா வரும். ஆனா அதுக்கு இனிமே நாள் பத்தாது." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என் தொட்டிப் பஞ்சுல இருக்கு."

பஞ்சு என்ற சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு கனம் இருந்தது.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சமையலறைப் பக்கமிருந்து தொட்டிக்குள் கைவிட்டுப் பஞ்சை எடுத்தார். பழுப்பு நீர் முழங்கை வரை வழிந்தது. கத்தரியைப் பஞ்சின் நடுவில் வைத்தார். வெட்டவில்லை. கண்ணாடிக்கு அப்பால் முன்னறையில் நின்றிருந்த தம்பியின் முகம், இரண்டு ஏஞ்சல்களுக்கு நடுவில் தெரிந்தது.

"பாதி உனக்கு, பாதி எனக்கு. உன் பாதியை நீ கொன்னாலும் என் பாதி இருக்கும்."

"கொல்ல மாட்டேன்க்கா."

"குழாயடில காட்டாதே. குழாய்த் தண்ணில கிருமியைக் கொல்ற மருந்து இருக்கு. காய விடாதே. பிழியாதே. முக்கியமா, பாக்காதே. பாத்தா உனக்குக் கை அரிக்கும்."

வெட்டினார்.

பஞ்சை அதன் தண்ணீரோடே பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். அவர் வாழ்க்கையில் அவரிடமிருந்து எழுந்து போன முதல் ஆள்.

வீட்டுக்கு வந்தவர் நேராகத் தொட்டியிடம் போகவில்லை. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் சமையலறைக் குழாயடிக்குப் போகும். கால் பழகிய வழியில் போய்விட்டது. பையை அவிழ்த்தார். பஞ்சு இடது கையில் இருந்தது. வலது கை குழாயின் மேல் இருந்தது.

"ஏங்க."

திரும்பினார். மனைவி கதவருகே நின்றார்.

"கை எங்க போகுது?"

"எங்கயும் போகல."

"அப்ப எடுங்க அதை."

கையை எடுத்தார். முன்னறைக்கு நடந்து, பஞ்சைத் தொட்டியின் புது பில்டருக்குள் செருகி, காற்று மோட்டாரைப் போட்டார். ஒரு பழுப்பு மேகம் எழுந்து, சர்க்கரை மணலின் மேல் மெல்ல இறங்கியது. அவர் போய் முகம் கழுவிக்கொண்டார். இரண்டு முறை.

அதன் பிறகு தொட்டி கெட ஆரம்பித்தது. தினம் காலையில் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அதை அழுகவிட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. மூன்றாம் நாள் சோதனைக் குழாயில் பச்சை வந்தது. நோட்டில் 'பச்சை' என்று எழுதி அடியில் கோடிட்டார். செடிகளின் பழைய இலைகள் கண்ணாடித்தாள் போலாகிக் கரைந்தன. கரைந்த இலையை மட்டும் எடு, வேரை அசைக்காதே என்றார் அக்கா போனில். கண்ணாடியின் உட்புறம் பழுப்புப் படலம் பிடித்தது. மரக்கட்டையின் மேல் மூக்குச்சளி போல ஒன்று வளர்ந்தது. அவர் சாப்பிடும்போது நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் செய்தி பரவிவிட்டது. துணி மடிக்கும் பெண்மணி கேட்டார், "சார், வீட்ல கிருமி வளக்கறீங்களாமே?"

"ஆமா."

"இங்க தினம் ஆயிரக்கணக்குல கொல்றீங்க. அங்க வளக்கறீங்க. அதுங்களுக்கு விஷயம் தெரியுமா?"

லிப்டில் பெரிய டாக்டர், பக்கத்தில் நோயாளிகள் இருக்கும்போதே, "உங்க கிருமி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

"நல்லா இருக்கு சார். பச்சை குறைஞ்சு வருது. நேத்து ரோஸ் ஆரம்பிச்சிருக்கு."

நோயாளிகள் சற்று விலகி நின்றார்கள்.

இருபத்திரண்டாம் தேதி அமோனியா மஞ்சளுக்கு வந்தது. முதல் கிருமி குடியேறிவிட்டது. ஆனால் நைட்ரைட் ரோஜாப்பூப் போல இருந்தது. இருபத்து மூன்றாம் தேதியும். இருபத்தைந்தாம் தேதியும். சோம்பேறிக் கிருமி வரவில்லை. அவர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தார். இருபத்தாறாம் தேதி ரோஸ் கொஞ்சம் வெளுத்தது. வெளுத்ததா, தன் ஆசையா என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "வெளுத்திருக்கு" என்றார் மனைவி. அவர் நம்பவில்லை. மனைவிக்கும் அதே ஆசை.

இருபத்தெட்டாம் தேதி அவர் விடுப்பு எடுத்திருந்தார். காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தார். முழங்கால் வீங்கிக் கட்டிலோடு இருக்கிறார். இல்லத்து மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மதியத்துக்குள் சொல்ல வேண்டும். வேறொருவர் அந்த அறைக்குக் காத்திருக்கிறார்.

"என்னால இன்னைக்கு வந்து பாக்க முடியாது. நீயே பாத்துச் சொல்லு. என்ன கலர்?"

"பாத்துச் சொல்றேன்" என்று போனை மேஜைமேல் வைத்தார்.

குழாயில் தண்ணீர் எடுத்தார். சொட்டு விட்டார். மூடிக் குலுக்கினார். ஐந்து நிமிடம். மனைவி பக்கத்தில் வந்து நின்றார். போனில் அக்காவின் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் குழாயை வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்தார்.

சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்த வெள்ளை வேட்டியில் தெரியுமே, அந்த அளவு ரோஸ்.

மனைவி அவர் காதருகே குனிந்தார். "போயிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள்ல போயிடப் போகுது. அதுக்குள்ள மீனை என்னவாவது பண்ணிக்கலாம். இன்னைக்கு அண்ணி வேணாம்னு சொல்லிட்டா அவ்வளவுதான். சொல்லுங்க."

அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. ஒரு சொல். அக்கா வந்துவிடுவார். அக்கா வந்த பிறகு ரோஸ் போனால் என்ன, இரண்டு நாள் கழித்துப் போனால் என்ன. குழாயை இன்னொரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தால் நிறம் குறைவாகத் தெரிந்தது. நேராகப் பிடித்தால் தெரிந்தது.

போனை எடுத்தார்.

"ரோஸ்க்கா."

"எவ்வளவு?"

"லேசா. ரொம்ப லேசா. ஆனா ரோஸ்தான்."

"நேத்து?"

"நேத்து இதைவிடக் கொஞ்சம் கூட."

"ம்." மின்விசிறிச் சத்தம். "சரி, வைக்கிறேன்."

மனைவி சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின. கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்தார்.

"உங்களுக்கு அக்காவைவிட அந்தக் குழாய் பெரிசாப் போச்சு."

"ரோஸா இருந்தா ரோஸ்னுதானே சொல்ல முடியும்?"

"எல்லாத்தையும் ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்குங்க."

அவர் குழாயைக் கழுவினார். ஒரு முறைதான். நோட்டில் எழுத உட்கார்ந்தார். தேதி எழுதினார். மணி எழுதினார். நைட்ரைட் என்ற கட்டத்தில் பேனா நின்றது. இல்லத்தில் பார்க்கும் நேரம் நான்கு மணி முதல் ஆறு மணி வரை என்ற எண்ணம் வந்தது. வேலை முடிவது மூன்றரைக்கு. முதல் பஸ், இரண்டாவது பஸ். போய்ச் சேர ஐந்தே கால். முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

பன்னிரண்டரைக்குப் போன் மறுபடி அடித்தது.

"டேய், உன் வீட்ல பெரிய டிரம் இருக்கா? வாய் அகலமா?"

"எதுக்குக்கா?"

"இருக்கா இல்லையா?"

"அறுபது லிட்டர் டிரம் ஒண்ணு இருக்கு. சுத்தமா..."

"சுத்தம்னு தெரியும். சோப்பு போட்டுக் கழுவித் தொலைக்காதே. இல்லத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். முப்பதாம் தேதி வண்டி சொல்லியிருக்கேன். மீன் ரெண்டும் டிரம்ல இருக்கட்டும், என் பாதிப் பஞ்சோட. ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணியா தினம் பாதி மாத்தணும். அதை நான் சொல்றபடி செய். உன் தொட்டி எப்ப ஆகுதோ அப்ப ஆகட்டும்."

அவர் கேட்டார். "ரோஸ்னுதானேக்கா சொன்னேன்?"

"அதனாலதான். போயிடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் நேர்ல வந்து பாத்துத்தான் நம்பியிருப்பேன். இந்த முட்டியோட எப்படி வர்றது?"

முப்பதாம் தேதி வண்டியில் ஒரு கட்டில், இரண்டு அலமாரி, ஒன்பது பெட்டி புத்தகம், முன்சீட்டில் மூடிய வாளியை மடியில் வைத்தபடி அக்கா, எல்லாம் வந்து இறங்கின. டிரம் கூடத்து மூலையில் நின்றது. மேலேயிருந்து பார்த்தால் ஏஞ்சல் மீன் இரண்டு கோடுதான். அக்கா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். தம்பியின் நோட்டை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனா கேட்டார். நைட்ரைட் என்ற சொல்லை அவர் ஆறு விதமாக எழுதியிருந்ததை எல்லாம் திருத்தினார். நிறங்களைத் தொடவில்லை.

தொட்டியில் வேறு விஷயங்கள் நடந்தன. கரைந்த செடிகளின் நடுவிலிருந்து வெளிர்பச்சையாக, சுருட்டிய பாய் போல ஒரு இலை வந்தது. மறுநாள் இன்னொரு செடியில். ஒரு காலையில் அவர் "அக்கா!" என்று அலறினார். கடுகு அளவில் ஒரு நத்தை கண்ணாடிப் படலத்தை நக்கிக்கொண்டு போனது. அது போன வழி சுத்தமாக இருந்தது.

"இது எப்படி உள்ள வந்துச்சு? எல்லாத்தையும்..."

"பஞ்சுல முட்டை இருந்திருக்கும். இருக்கட்டும் விடு. உனக்கு அசிஸ்டெண்ட்."

நத்தையின் வேலையைச் சிறிது நேரம் பார்த்தார். ஒரே சீராகத் துடைத்தது. மூலையைக்கூட விடவில்லை. அவருக்கு அதைப் பிடித்துவிட்டது.

ஆறாம் தேதி மாலை குழாயில் நிறம் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா கண்ணாடியோடும் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கியும் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல விட்டுடலாமா?" என்றார் மனைவி.

"இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அன்று இரண்டு மீனின் ஒரு நாள் கழிவுக்குச் சமமாக இருக்கும்படி மூன்று சிட்டிகை தீவனத்தைப் பொடித்துப் போட்டார்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அமோனியா மஞ்சள். நைட்ரைட்டில் நிறம் இல்லை. அதற்கடுத்த நாளும் அதே மூன்று சிட்டிகை, அதே ஆறு மணி. மஞ்சள், நிறமில்லை. போட்டதெல்லாம் உள்ளே போன வழி தெரியாமல் போனது. முன்பு வந்த பூஜ்யத்தில் போடவும் இல்லை, போகவும் இல்லை.

"எத்தனை தடவை பாப்பீங்க?" என்றார் மனைவி.

"மூணு" என்றார் அவர்.

"ரெண்டு போதும்" என்றார் அக்கா.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதும் ஆயிற்று. ஏஞ்சல்களை வாளிக்கு மாற்றி, புதுத் தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக வாளியில் ஊற்றிப் பழக்கினார்கள். எவ்வளவு நேரம் என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. அக்கா அரை மணி என்றார். அவர் ஒன்றரை மணி என்றார். "எழுதி வச்சிருக்காடா எங்கயாவது?" "நீயேதான்க்கா போன்ல சொன்னே." "நான் சொன்னது இறாலுக்கு." "இறால் எங்க வந்துச்சு நடுவுல?" சண்டை ஐம்பது நிமிடம் நடந்தது. மனைவி வலையை எடுத்தார். ஒன்று. இரண்டு. இருவரும் திரும்பியபோது வாளி காலியாக இருந்தது.

ஏஞ்சல்கள் மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்றன. துடுப்பு மட்டும் அசைந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்தார். அவர் நின்றார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மீன்கள் அசையவில்லை.

"என்னக்கா, மூச்சு வேகமா விடுதே?"

"நீதான்டா வேகமா விடறே. உக்காரு."

உட்கார்ந்தார். நான்கு மணிக்குப் பெரிய மீன் வெளியே வந்தது. புது இலை ஒன்றை முகர்ந்து, கடித்து, துப்பியது. தொட்டியின் இந்தக் கோடிக்கு வந்து திரும்பியது. பக்கவாட்டில் அது முழுவதும் தெரிந்தது. ஒன்பது நாளாகக் கோடாக மட்டும் இருந்தது. சின்னது பின்னாலேயே வந்தது. பெரியது நின்று, வாலுக்குக் கீழே ஒரு மெல்லிய பழுப்பு நூலை விட்டது. நூல் அறுந்து மணலின் மேல் விழுந்தது.

அவர் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தியா?" என்றார் அக்கா.

"பாத்தேன்."

"இனிமே உன் ஆளுங்க பாத்துப்பாங்க."

"ம்."

அக்கா கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு படிவத்தை எடுத்தார். பென்ஷன் ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய முகவரி மாற்றப் படிவம். தொடைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, அதன்மேல் படிவத்தை விரித்தார். பெயரை எழுதினார். பழைய முகவரியை எழுதினார். புதிய முகவரிக்கு வந்தபோது நிறுத்தினார்.

"ஏம்மா, இங்க வீட்டு நம்பர் மட்டும் போதுமா, கீழ்த்தளம்னு சேத்து எழுதணுமா?"

"சேத்தே எழுதுங்க அண்ணி" என்றார் மனைவி உள்ளிருந்து. "இல்லன்னா தபால்காரர் மேல் வீட்ல போட்டுட்டுப் போயிடுவார்."

அக்கா எழுதினார்.